ஜப்பானிய வகைச் சமையல் கத்தி நம் ஊர்ப் பட்டறையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி பக்கம் இருக்கும் எங்கள் பட்டறையில் மண்வெட்டி, பன்னருவாள், கோடாரி வேலைகளோடு ஜப்பானிய வகைச் சமையல் கத்தியும் அடிக்கிறோம். பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள், தென்காசிப் பக்கம் ஓட்டலில் மாஸ்டராக இருப்பவர்கள், சொந்தமாக ஒரு கத்தி அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எனப் பலரும் நேரிலும் போனிலும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணாச்சி, ஜப்பான் கத்தி ஜப்பான் கத்தி என்கிறார்களே, அப்படி என்ன விசேஷம்?

இரண்டு விஷயம்: அலகு மெல்லியது, எஃகு கடினமானது. கடையில் வாங்கும் ஐரோப்பிய வகை ஸ்டெயின்லெஸ் கத்தி, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானில் கார்பன் எஃகில் அடிக்கும் கத்திகள் 60க்கு மேல், சில 64 வரை போகும். கடினம் கூடினால் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, ஒடுக்கமான கோணத்தில் தீட்டலாம், தீட்டியது மடங்காமல் நிற்கும். சாதாரணக் கத்தியை ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி வைத்துத் தீட்டினால், இதை 12 முதல் 15 டிகிரிக்குத் தீட்டலாம். வாய்க்குச் சற்று மேலே அலகின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெங்காயத்தில் வைத்து இழுத்தால் போதும், அழுத்த வேண்டியதில்லை.

சிரமமும் அந்த மெலிவில்தான். மண்வெட்டியில் அரை மில்லிமீட்டர் அப்படி இப்படி இருந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே அதே அரை மில்லிமீட்டர்தான் மொத்த வாய். உலையில் சூடு கொஞ்சம் கூடினாலும், சுத்தியல் ஒரு பக்கம் அதிகமாக விழுந்தாலும் கடைசியில் கத்தி காட்டிக்கொடுத்துவிடும். ஒருவருக்குச் சூட்டை மதிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

நம்ம மண்ணிலேயே இரும்பு வேலை இருக்கும்போது ஜப்பானிடம் போய்க் கற்கணுமா?

இந்தக் கேள்வியில் இருக்கும் பெருமை எனக்கும் உண்டு. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூறு வருஷத்துக்கு முன் தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வாளும் ஈட்டியும் கிடைத்தன. சிவகளையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகும் ஆய்வறிக்கையைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. இரண்டு ஊரும் தாமிரபரணிக் கரையை ஒட்டியவை. இன்றைக்கும் லாரி ஸ்பிரிங் பட்டையில் அருவாள் அடித்து, சிவக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்கும் தோய்ச்சலைச் சரியாகப் போடும் ஆசாரிகள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

ஆனால் நம் பட்டறைகளின் கவனம் எப்போதும் வெட்டும் கருவியில்தான் இருந்தது. வயலுக்கும் விறகுக்கும் கனமான அலகு வேண்டும். வீட்டில் நறுக்குவதற்கு அருவாமணை இருந்தது, அதற்கும் தடித்த அலகு போதும். மெல்லிய சமையல் கத்தியை ஒரு தனித் தொழிலாக வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். ஒசாகா பக்கத்தில் சகாய், கிஃபூ மாகாணத்தில் சேகி, நீகாத்தாவில் சான்ஜோ எல்லாம் அதற்கே பேர்போன ஊர்கள். 1876இல் பொதுஇடத்தில் வாள் அணிவதை மெய்ஜி அரசு தடை செய்தபோது, வாள் அடித்த கொல்லர்கள் பலர் கத்திக்கும் விவசாயக் கருவிக்கும் மாறினார்கள். அதே 1876இல்தான் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் முதல்முதலாகத் தோண்டினார். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்த வருஷத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

உலை, துருத்தி, தோய்ச்சல் எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. மெலிவையும் வாயின் கோணத்தையும் அவர்களிடம் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

முதல் கத்திக்கு எந்த வடிவம் நல்லது?

நகிரி. நீள்சதுரமாக, வாய் கிட்டத்தட்ட நேராக இருக்கும் காய்கறிக் கத்தி. முனை இல்லாததால் அடிக்கவும் சுலபம், தேய்க்கவும் சுலபம். அலகு 165 மி.மீ. நீளம், 45 முதல் 50 மி.மீ. அகலம், முதுகு பிடி அருகே 2.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுகிழங்கு, அவியல் காய், சொதிக்குப் பீன்ஸ், கேரட் என நம் வீட்டு நறுக்கல் முக்கால்வாசியும் இதற்குள் அடங்கிவிடும்.

அடுத்தது சந்தோகு. போன நூற்றாண்டின் நடுவில் வீட்டுச் சமையலுக்கென்று வந்த வடிவம், மீன், கறி, காய் மூன்றுக்கும் ஆகும். முள் எடுத்த மீனை மெல்லிய சீவலாக நறுக்கப் பயன்படும் ஒருபக்க வாய்க் கத்தியான யனகிபாவைப் படத்தில் பார்த்துவிட்டு அதில் தொடங்கக் கேட்பவர்கள் நிறைய. அதன் பின்பக்கத்தை லேசாகக் குழித்துத் தேய்க்க வேண்டும். அலகும் நீளம், தோய்ச்சலில் வளையத் துடிக்கும். கை பழகிய பிறகு பார்க்கலாம்.

என்ன எஃகு வாங்க? ஜப்பான் எஃகு இங்கே கிடைக்காதே.

ஜப்பானில் பேர் வாங்கிய எஃகு யாசுகி நகரத்து ஆலையில் வருவது. அதில் சிரோகாமி என்ற வகையில் இரும்பும் கார்பனும்தான் பிரதானம், கார்பன் 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆஓகாமியில் கூடவே டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்திருக்கும். அதைத் தேடி அலைய வேண்டாம்.

நம் பக்கம் எளிதாகக் கிடைப்பது லாரி ஸ்பிரிங் பட்டை. கார்பன் 0.55 முதல் 0.6 சதவீதம். எத்தனை நல்ல தோய்ச்சல் போட்டாலும் கடினம் 58ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆனால் முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கும், லேசில் உடையாது. பழகுவதற்கு இதுவே சரி. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதனால் நடுத் துளைக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள்.

என் கையில் நல்ல கத்தி வருவது பழைய அரத்தில். தரமான அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 12 அங்குலத் தட்டை அரத்தில் பாதி இருந்தால் ஒரு நகிரிக்குப் போதும். வாங்குமுன் ஒரு மூலையைக் குறட்டில் பிடித்து உடைத்துப் பாருங்கள். மலிவான சில அரங்கள் மேல்தோல் மட்டும் கடினமாக, உள்ளே சாதா இரும்பாக இருக்கும். அவை உடைவதற்குப் பதில் வளையும். இன்னொன்று, அரத்தின் பற்களை அடிக்குமுன் முழுசாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பல்லின் பள்ளம் சுத்தியல் அடியில் மடிந்து உள்ளே போய்விடும். தோய்ச்சலின்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

பேரிங் எஃகான இஎன்-31 பற்றியும் கேட்கிறார்கள். அருமையான எஃகு. ஆனால் 840 டிகிரிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷமாவது ஒரே சூட்டில் நிற்க வேண்டும். கரி உலையில் அது நடக்காது, மின் உலை இருந்தால் செய்யலாம்.

உலைக்கு எந்தக் கரி?

ஜப்பானில் பைன் மரக்கரி பயன்படுத்துகிறார்கள். நமக்குச் சீமைக் கருவேலங்கரி இருக்கிறது, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. ஓர் அங்குலத் துண்டாக உடைத்துத் தூசியைச் சலித்துவிட்டுப் போடுங்கள். சிரட்டைக் கரியும் நல்ல சூடு தரும். நிலக்கரியில் கந்தகம் உண்டு, கத்திக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. துருத்தியோ மின் புளோயரோ எதுவானாலும் காற்றை அளவாக விட வழி இருக்க வேண்டும். காற்று அதிகமானால் எஃகின் மேல்தோலில் உள்ள கார்பன் எரிந்துவிடும்.

வாய்ப் பக்கம் அடிக்க அடிக்க அலகு வளைந்துகொண்டே போகிறதே?

வளையத்தான் செய்யும். வாய்ப் பக்கத்தை மெலிதாக்கும்போது அந்த விளிம்பு நீளுகிறது, முதுகு நீளவில்லை. அப்போது அலகு முதுகுப் பக்கமாகத் திரும்பும். அதனால் வாயை மெலிதாக்கத் தொடங்கும் முன்பே அலகை எதிர்த்திசையில், அதாவது வாய்ப் பக்கமாக, கொஞ்சம் வளைத்துவிட வேண்டும். பிறகு அடிக்கும்போது தானாக நேராகி வரும். எவ்வளவு வளைக்க வேண்டும் என்று கேட்டால் அளவுகோல் வைத்துச் சொல்ல முடியாது, உங்கள் சுத்தியலின் எடையையும் கைப்பழக்கத்தையும் பொறுத்தது.

இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் அடி விழ வேண்டும். ஒரு பக்கம் நாலு அடி, திருப்பி நாலு அடி. ஒரு பக்கமே அடித்து வடிவத்தைக் கொண்டுவந்தால் அந்த இழுவிசை உள்ளேயே தங்கி, தோய்ச்சலில் வளைவாக வெளியே வரும்.

அரத்து எஃகை ஆரஞ்சு நிறத்தில் எடுத்து அடியுங்கள், மங்கிய சிவப்பு வந்ததும் திரும்ப உலைக்குள் வையுங்கள். கறுத்த பிறகு அடித்தால் உள்ளே கீறும். பொறி பறக்கும் வரை உலையில் விட்டால் அந்தத் துண்டு போய்விட்டது என்று அர்த்தம், எரிந்த எஃகை எதுவும் மீட்காது.

தோய்ச்சல் எப்படிப் போடணும்? அதுதான் பயமாக இருக்கிறது.

பயம் இருப்பது நல்லதுதான். கத்தி கத்தியாவது அந்தச் சில நொடியில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அடித்த இழுவிசையை எடுக்க வேண்டும். அலகைச் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுங்கள். இப்படி மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில். எஃகின் உள்ளே இருக்கும் நுண்துகள், அதாவது மணி, இதில் நைசாகும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிற்பாடு 'வாய் பல் பல்லாக உதிர்கிறது' என்று வருவார்கள். ஒரு துண்டு எஃகைத் தனியே தோய்த்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் மைதா மாவு போல நைசாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் சரி, ரவை போலப் பளபளத்தால் சூடு மிஞ்சிவிட்டது.

அப்புறம் அலகைத் தேய்த்து வடிவம் கொண்டுவரும்போது வாயைக் கூராக்கிவிடக் கூடாது. 0.8 முதல் 1 மி.மீ. தடிமன் விட்டு வையுங்கள். அதற்கும் மெலிதாக இருந்தால் எண்ணெயில் இறங்கியதும் நெளியும்.

இப்போது சூடு. வெயிலில் நின்று எஃகின் நிறத்தைப் பார்க்க முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் நல்ல செம்மஞ்சள் சூடுகூடக் கறுப்பாகத் தெரியும், நம்பி இன்னும் காய்ச்சினால் மணி பெருத்துவிடும். அந்திக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஜப்பானியக் கொல்லர்களும் இருட்டில்தான் தோய்ச்சல் போடுவார்கள். அலகை உலையில் முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள். கருஞ்சிவப்பு வந்து, சிவப்பாகும்போது அலகின் உள்ளே ஒரு நிழல் ஓடுவதைப் பார்க்கலாம். சுற்றிலும் வெளிச்சமாக இருக்க, நடுவில் மட்டும் மங்கலாக ஒரு திட்டு. எஃகின் உள்ளமைப்பு மாறும்போது சூட்டை உள்ளே இழுத்துக்கொள்வதால் வரும் நிழல் அது. தடித்த முதுகுப் பக்கம் கடைசியாக விலகும். அது முழுசாக விலகி, அலகு ஒரே நிறமாக ஒளிவிட்டதும் இன்னும் ஒரு மூச்சு நேரம் வைத்துவிட்டு எடுக்கலாம். எங்கள் பட்டறையில் பழக வருகிறவர்களை முதலில் இந்த நிழலைப் பார்க்க மட்டும் உட்கார வைப்போம். ஒருமுறை பார்த்த கண்ணுக்கு அது மறக்காது.

நிழல் பிடிபடும்வரை காந்தம் உதவும். சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. அங்கிருந்து சற்றே கூடுதல் சூடு, அரத்து எஃகுக்கு 790 முதல் 800 டிகிரி, ஸ்பிரிங் பட்டைக்கு 830 வாக்கில்.

தோய்க்க 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிய கடலை எண்ணெய் போதும். குளிர்ந்த எண்ணெயைவிடச் சூடான எண்ணெய் இளகி ஓடும், அலகை வேகமாகக் குளிர்விக்கும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. அடி அடைத்த இரும்புக் குழாயை நட்டமாக நிறுத்தி, அலகை நேராக உள்ளே இறக்குங்கள். மேலும் கீழும் அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் வளையும். எண்ணெய் தீப்பிடித்தால் மூட ஓர் இரும்பு மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

எடுத்ததும் வாயில் ஒரு நல்ல அரத்தை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் ஓடுவதைப்போல வழுக்கினால் தோய்ச்சல் ஏறிவிட்டது. முதல் இரண்டு இழுப்பில் கடித்து, பிறகு வழுக்கினாலும் கவலை வேண்டாம். மேல்தோலில் கார்பன் போன படலம்தான் அது, தேய்க்கும்போது போய்விடும்.

தண்ணீரில் தோய்த்தால் இன்னும் கடினமாகும் என்கிறார்களே?

ஜப்பானில் களிமண் பூசித் தண்ணீரில் தோய்க்கும் முறை உண்டு. அதைச் செய்பவர்கள் காலம் முழுக்க அதையே செய்தவர்கள், அவர்களுக்கும் சில கத்திகள் வெடிக்கும். அருவாளைத் தண்ணீரில் தோய்த்துப் பழகிய ஆசாரிகள் மெல்லிய அரத்து எஃகையும் அப்படியே முக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அலகில் விரிசல் தேடுங்கள். எண்ணெயே போதும்.

எடுத்துப் பார்த்தால் அலகு வளைந்திருக்கிறது. வீணா?

இல்லை, கொஞ்சம் நேரம் இருக்கிறது. எண்ணெயிலிருந்து எடுத்தவுடன், கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது எஃகு இன்னும் முழுக்க இறுகியிருக்காது. தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தி நேராக்கலாம். ஆறிவிட்டால் தொடாதீர்கள், ஒடிந்துவிடும். மிச்ச வளைவை அடுத்த கட்டத்தில், பதம் இறக்கும்போது, ஒரு தடித்த பட்டையோடு சேர்த்துக் கவ்வி எதிர்த்திசையில் லேசாக வளைத்து அடுப்பில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஆனால் வளைவு சொல்லும் சேதியைக் கேளுங்கள். எப்போதும் ஒரே பக்கம் வளைந்தால் சுத்தியலோ தேய்ப்போ ஒரு பக்கம் அதிகம். முனை மட்டும் திரும்பினால் முனை அதிகச் சூடு வாங்கியிருக்கிறது. அலை அலையாக நெளிந்தால் வாய் மெலிந்துவிட்டது. கத்தி கெட்டுப்போனதில் இருக்கும் பாடம் நன்றாக வந்ததில் இருக்காது. அதனால்தான் வளைந்த அலகுகளைச் சுண்ணாம்புக்கட்டியில் காரணம் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறோம்.

பதம் இறக்குவது என்றால் என்ன? விட்டுவிடலாமா?

தோய்த்த அலகை மிதமான சூட்டில் வைத்து, எளிதில் உடையும் தன்மையைக் குறைப்பதுதான் பதம் இறக்குவது. விடவே கூடாது. தோய்த்த அலகு அந்த நிலையில் கீழே விழுந்தாலே உடையும். அன்றைக்கே வீட்டு ஓடிஜி அடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம் வையுங்கள். ஓடிஜியின் குமிழ் காட்டும் டிகிரியை நம்பாமல் உள்ளே ஒரு தனி வெப்பமானி வையுங்கள். தட்டில் மணல் பரப்பி அதற்குள் கத்தியைப் புதைத்தால் சூடு ஏறி இறங்காமல் நிற்கும். பளபளப்பாகத் தேய்த்த இடத்தில் வெளிர் மஞ்சள் நிறம் வந்தால் சரியான பதம். பழுப்புக்குப் போனால் 250 தாண்டிவிட்டது, நீலம் என்றால் 300 வாக்கில். நீலம் ஸ்பிரிங்குக்கு நல்லது, கத்தி வாய்க்கு ஆகாது.

சாணை மிஷினில் தேய்க்கும்போது நீலமானால்?

அந்த இடத்தின் பதம் போயிற்று. அந்த நீலத்துக்குக் கீழே நல்ல எஃகு வரும்வரை தேய்த்துத் தள்ள வேண்டும். கையுறை இல்லாமல் வெறுங்கையால் அலகைப் பிடித்துத் தேய்ப்பதே பாதுகாப்பு, விரல் சுட்டதும் தண்ணீரில் முக்குவீர்கள். மூக்குக்கு நல்ல முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். உலைப் பக்கம் பாலியஸ்டர் சட்டையோ லுங்கியோ வேண்டாம், பருத்திதான்.

மூன்று அடுக்கு வைத்து அடிப்பீர்களா?

நடுவில் கடின எஃகும் இரு பக்கமும் மெத்தென்ற இரும்பும் வைத்து, வெண்காரம் தூவி உலையிலேயே ஒட்டி அடிப்பது. அலகு உடையாது, தீட்டவும் சுலபம். இரும்புக்கு உருக்கு வாய் வைக்கத் தெரிந்த ஆசாரிகளுக்கு இது புது வேலை இல்லை. ஆனால் தொடக்கக்காரருக்கு வேண்டாம். ஒற்றை எஃகில் சூடு பிடிபட்ட பிறகு வாருங்கள்.

பிடிக்கு என்ன மரம்?

ஜப்பானில் லேசான மக்னோலியா மரத்தில் பிடி போட்டு, எருமைக் கொம்பில் பூண் வைப்பார்கள். பிடி லேசாக இருப்பதால் எடை அலகுப் பக்கம் நிற்கும், நறுக்கும்போது கை வலிக்காது. அந்த லேசுக்கு நம் குமிழ மரம் நெருங்கி வருகிறது. ஈரத்தில் அதிகம் விரியாது. தேக்கும் பூவரசும் நன்றாக இருக்கும். கருவேலம் மண்வெட்டிக்கு ராஜா, இந்தக் கத்திக்குக் கனம்.

கடைசல் வேலைக்கு அம்பாசமுத்திரம் இருக்கிறது. சொப்புச் சாமான் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் கைகளுக்கு ஒரு கத்திப் பிடி பெரிய காரியமில்லை. சகாயிலும் இப்படித்தான், அடிப்பவர் ஒருவர், தேய்ப்பவர் ஒருவர், பிடி போடுபவர் இன்னொருவர். எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தால்தான் கைவேலை என்று நான் நினைக்கவில்லை. கடைசலில் பிடி உருண்டையாக வரும், ஈரக் கையில் சுழலும். ஒரு பக்கத்தை இழைத்துத் தட்டையாக்கிக்கொண்டால் சுழலாது, வாய் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே கைக்குத் தெரியும்.

பித்தளைப் பூண் போட்டு, பிடிக்குள் போகும் அலகின் வாலை அரக்கு வைத்துச் செருகினால் உறுதியாக நிற்கும். பிடி தேய்ந்தால் சூடு காட்டிக் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம்.

தீட்டும்போது 15 டிகிரியை எப்படிப் பிடிப்பது?

கோணமானி வேண்டாம். அலகு 45 மி.மீ. அகலம் என்றால், வாய் கல்லில் பட்டிருக்க முதுகை 12 மி.மீ. உயர்த்தினால் 15 டிகிரி. 12 டிகிரி வேண்டுமானால் 9 மி.மீ. சொச்சம். ஸ்பிரிங் பட்டைக் கத்திக்கு 14 மி.மீ. வைத்து 18 டிகிரியில் தீட்டுங்கள், அதன் எஃகுக்கு அதுதான் நிற்கும். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டு வெட்டி வைத்து ஒவ்வொரு முறையும் சரிபார்த்தால் கை தானாகப் பழகும்.

தீட்டுக் கல்லில் சொரசொரப்பைக் குறிக்கும் எண் 1000 ஒன்று, 3000 ஒன்று போதும். ஒரு பக்கம் தீட்டி மறுபக்கத்தில் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும், வாய் முழு நீளத்துக்கும். பிசிறு வந்த பிறகே பக்கம் மாற்றுங்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அவர் வேலை அருவாமணைக்கும் வெட்டுக்கத்திக்கும் சரி, அந்த வேகத்துக்கு இந்த மெல்லிய வாய் நீலமாகிவிடும்.

வாழைப்பூ நறுக்கினேன், கத்தி கறுத்துவிட்டது. கெட்டுப்போச்சா?

இல்லை. வாழைப்பூ, வாழைக்காய், மாங்காய், புளி எல்லாம் கார்பன் எஃகைக் கறுக்க வைக்கும். சாம்பலும் நீலமுமாக வரும் அந்தப் படலம் நல்லது, துருவைத் தடுக்கும். செம்பழுப்பாக வந்தால்தான் துரு, அதை உடனே தேய்த்து எடுங்கள். நறுக்கும்போதே ஈரத்துணியால் துடைத்து, முடிந்ததும் கழுவி, உலர்த்தி வையுங்கள். தொட்டியில் ஊறப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கடலோரத்து ஊர்களிலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

எதையெல்லாம் வெட்டக் கூடாது?

தேங்காய், எலும்பு, மீன் தலை, கருப்பட்டி, ஃபிரீசரிலிருந்து எடுத்த கறி. கல், கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு மேல் வைத்து நறுக்கவும் வேண்டாம், மரப்பலகைதான். வாயைக் காயில் செருகித் திருகாதீர்கள். பரங்கிக்காயைப் பிளக்க வெட்டுக்கத்தி, பிளந்ததை நறுக்க இது. சாளை மாதிரிச் சின்ன மீனைச் சந்தோகுவில் தாராளமாக நறுக்கலாம்.

கத்தி செய்தால் போலீஸ் தொந்தரவு வருமா?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி நியாயமானதே. ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகள் ஆயுத வகையில் வருகின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. நாங்கள் செய்யும் நகிரி ஆறரை அங்குலம்தான். இருந்தாலும் யார் வாங்கினார்கள் என்று பெயர், ஊர் எழுதி வைக்கிறோம், பில் போடுகிறோம். வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அட்டை உறை போட்டுச் சுற்றி, பில்லோடு பையின் அடியில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் போடுங்கள்.

வாள் மாதிரி, வீச்சருவாள் மாதிரி செய்து தரக் கேட்டு வருபவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: செய்வதில்லை.

எவ்வளவு நாளில் கற்கலாம்?

ஒரு கத்தியை அருகில் இருந்து கைபிடித்துச் செய்ய வைத்தால் சில நாளில் முடித்துவிடலாம். சூட்டை நீங்களே பார்த்து முடிவெடுக்க மாதங்கள் ஆகும், மாலையில் மாலையில் வந்து பழக வேண்டும். காணொளி பார்த்துவிட்டுத் தனியே கொல்லையில் உலை மூட்டுவதைவிட, உங்கள் ஊரில் இன்னும் வேலை நடக்கும் பட்டறைக்குப் போங்கள். ஆசாரியிடம் மரியாதையாகக் கேட்டு, முதலில் துருத்தி ஊதக் கொடுத்தால் ஊதுங்கள். ஜப்பான் கத்தியைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இரும்பு எப்போது அடிக்குத் தயார் என்பது தெரியும், உங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். படத்தைக் காட்டி, தடிமனைச் சொல்லி, இருவருமாகச் செய்து பாருங்கள். அவருடைய நேரத்துக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். கரியும் அரமும் பெரிய செலவில்லை, அந்தக் கத்தியின் விலை முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது.

எங்க தாத்தாவோட பழைய அரம் ஒண்ணு கிடக்கு. கொண்டுவந்தா கத்தி ஆக்கித் தருவீங்களா அண்ணாச்சி?

தருவோம். கொண்டுவரும்முன் துருவைத் தேய்த்துவிடாதீர்கள், அப்படியே வரட்டும். ஓரத்தில் கம்பெனி முத்திரை இருந்தால் அதை வைத்தே எஃகைப் பற்றிப் பாதி ஊகித்துவிடலாம். மூலையில் ஒரு சிறு துண்டை உடைத்து மணி பார்ப்போம், உள்ளே சாதா இரும்பாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவோம். எஃகு நன்றாக இருந்தால் தோய்ச்சல் போடும் நாளைச் சொல்கிறோம், அந்தியில் வந்து பக்கத்தில் இருந்து பாருங்கள். பிடிக்கு வீட்டு மரமே வேண்டும் என்றால் பூவரசோ தேக்கோ, வெட்டி ஒரு வருஷமாவது காய்ந்த துண்டாக, ஒரு சாண் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். பச்சை மரத்தில் பிடி போட்டால் பூண் கழன்றுவிடும்.